நட்சத்திரப் படத்தில் ஒரு டார்ச்

எகெம்பெர்திக்கு இன்னும் ஒரே ராத்திரிதான் கெடு. கிர்கிஸ்தானில், சொங்-கொல் ஏரிக்கரையில் ஆடுமாடுகளுக்கு ஊசி போடுகிற மனுஷன், மனசு மட்டும் ஆகாயத்தில். பகலில் மேகத்தைப் படம் பிடித்தபோது யாரும் வாய் திறக்கவில்லை. நட்சத்திரம் வட்டம் போடுவதைப் பிடிக்கிறேன் என்று கிளம்பினான் பாருங்கள், அங்கே வந்தது வினை. முதல் நாள் மழை. மறுநாள் யாக் மாடு ஒன்று கேமராவை முட்டித் தள்ளியது.

"இன்னிக்கும் படம் வரலைன்னா கேமராவை வித்துட்டு அடுப்பு வாங்கறோம், சொல்லிட்டேன்" என்று பெண்டாட்டி சைகால் கூடாரத்து மரக்கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள். அந்தச் சத்தம் கரை முழுக்கக் கேட்டது.

அவன் கூடாரமும் ஏரியும் தெரிகிற மாதிரி கேமராவை மேட்டில் நிறுத்தி, ஒரு மணி நேரத்துக்கு ஷட்டரைத் திறந்துவிட்டு, மாடு அந்தப் பக்கம் போகாமல் கூடார வாசலில் காவல் நின்றான். ஷட்டர் மூடுகிறவரை எந்த வெளிச்சம் நகர்ந்தாலும் படத்தில் கோடாக விழும், ஒரே இடத்தில் நின்றால் அங்கே தடித்துவிடும். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, பக்கத்துக் கூடாரத்து சபீரா அக்கா டார்ச்சும் கையுமாக வந்துவிட்டாள்.

"ஏன்டா தம்பி, வெளியே தள்ளிட்டாளா?"

"ஐயோ அக்கா, முதல்ல வெளிச்சத்தை அணைங்க!"

"எங்கிட்ட என்னடா வெட்கம்? இரு, நான் பேசறேன்."

குளிரில் ஒருத்தன் தன் வீட்டு வாசலில் நின்றால் அங்கே அக்கம்பக்கத்துக்கே மானக்கேடு. ரொட்டியோடு போய்ச் சமாதானம் பண்ணி, அவனை உள்ளே தள்ளிவிட்டுத்தான் மற்றவர்கள் தூங்குவார்கள். அடுத்து இன்னொரு கூடாரத்து ஒரோஸ்பாய் வந்தார். அப்புறம் இங்கேயிருந்து ஒரு டார்ச், அங்கேயிருந்து ஒரு டார்ச். அவன் "அணைங்க, அணைங்க" என்று கெஞ்ச, பாவம் அழுகிறானோ என்று அவன் முகத்திலேயே அடித்துப் பார்த்தார்கள்.

"யாரு தள்ளினா? நானா?" என்று உள்ளே சைகால் கத்தினாள்.

"பார்த்தீங்களா, இன்னும் கோபம் தணியலை" என்றார் ஒரோஸ்பாய்.

சபீரா அக்கா விடவில்லை. "ஒரு குதிரைச் சேணத்துக்காகச் சண்டை போட்டு உன் அண்ணன் தோக்தொசுன் ஒரு வருஷமா உன்னோட பேசறதில்லை. இவனையும் விரட்டிட்டா உனக்கு யாருடி இருக்கா?"

"அண்ணன் பேச்சை எடுக்காதீங்க. நான் செத்தாலும் அவன் இந்தப் பக்கம் வரமாட்டான்."

எல்லாரும் டீ குடித்துக் கலைந்தபோது ஒரு மணி நேரம் முடிந்திருந்தது. எகெம்பெர்தி படத்தைப் பார்த்தான். மேலே நட்சத்திரங்கள் அழகாக வட்டம் போட்டிருந்தன. கீழே பார்த்தால், கரையெங்கும் டார்ச் வெளிச்சம் கோடு கோடாக அவன் வீட்டு வாசலுக்கு ஓடியிருந்தது.

"போச்சு. வித்துக்கோ" என்று கேமராவைப் பெண்டாட்டியிடம் நீட்டினான்.

கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த சைகாலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது சபீரா அக்கா. இது ஒரோஸ்பாய். இது..." விரல் நின்றது. ஏரிக்கரை வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கோடு வந்து, கூடாரத்துக்கு ஐம்பதடி தள்ளி வெள்ளையாகத் தடித்து, வந்த வழியே திரும்பிப் போயிருந்தது. அந்தப் பக்கம் இருப்பது ஒரே கூடாரம், தோக்தொசுனுடையது.

"எவ்வளவு நேரம் நின்னிருப்பான்?"

"இவ்வளவு தடிப்புன்னா, கால் மணி நேரமாவது இருக்கும்."

அவள் தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, மிச்சமிருந்த ரொட்டியைத் துணியில் முடிந்தாள்.

"அப்போ அடுப்பு?" என்றான் அவன் மெதுவாக.

"அடுப்பு கிடக்கட்டும். கேமராவை எடுத்துக்கிட்டு வாங்க. நான் வரவே இல்லைன்னு சத்தியம் பண்ணுவான், கிறுக்கன்."