சோபா கடை இருந்த கட்டடம்

என் தம்பியின் இரண்டு கால்களுக்கும் சேர்த்து நீதிமன்றம் போட்ட விலை முப்பத்தெட்டு லட்சம். நாங்கள் கேட்டது நாற்பது. நான் டைல்ஸ் வியாபாரி. பெரிதாகத் தள்ளாமல் கொடுத்துவிட்டார்களே என்று ஒரு கணம் மனசு குளிர்ந்தது உண்மை.

ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தின் வாசலில் விளக்கு மாட்டப் போனவன் அவன். அவர்கள் நிறுத்தியிருந்த இரும்புச் சாரம் அவன்மேல் சாய்ந்தது. செயற்கைக் கால்களுக்குப் பதினான்கு லட்சம் ஆகும். இந்த வருஷத்துக்குள் மாட்டாவிட்டால் இடுப்பு இறுகிவிடும், பிறகு தங்கத்தில் செய்து மாட்டினாலும் நடக்க முடியாது என்றார் டாக்டர்.

தீர்ப்பு கையில் இருந்தது. பிடிக்கத்தான் எதுவும் இல்லை. தூதரின் காரைத் தொடக் கூடாது. வங்கிக் கணக்கையும் தொடக் கூடாது.

"அது அரசாங்கச் சொத்துங்க. இன்னொரு நாட்டுக் கோர்ட்டு அதை ஜப்தி பண்ணாது" என்றார் வக்கீல்.

"அப்ப எதுக்கு சார் தீர்ப்பு குடுத்தாங்க?"

"தீர்ப்பு வேற, வசூல் வேற."

இருபது வருஷமாகக் கடனுக்கு விற்கிறவனிடம் இதைச் சொல்கிறார்!

ஆனால் ஆள் கெட்டிக்காரர். எட்டு மாதம் பத்திர அலுவலகத்தில் துழாவி ஒரு கட்டடத்தைக் கண்டுபிடித்தார். அந்த அரசாங்கத்தின் பெயரில்தான் இருந்தது. கீழே சோபா கடை, மேலே காலி.

"சோபா கடைக்கு வாடகைக்கு விட்டிருக்காங்க. வாடகை வாங்கினா அது வியாபாரம். வியாபாரச் சொத்தைப் பிடிக்கலாம். வெள்ளிக்கிழமை கோர்ட்டு அமீனா ஜப்திக்குப் போவார். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

தலையாட்டினேன். ஆனால் எங்கள் தொழிலில், கடைசியாக ஒரு தடவை முகம் பார்த்துப் பேசாமல் யாரும் யார் கடைக்கும் பூட்டுப் போடுவதில்லை. அதோடு ஒரு பேராசை: இன்றே பேசி முடித்தால் அடுத்த வாரமே தம்பிக்குக் கால்.

திங்கட்கிழமை தூதரகத்துக்குப் போனேன். நிர்வாக அதிகாரி உள்ளூர்க்காரர், நல்ல மனுஷர், காபி வரவழைத்தார்.

"முப்பதுக்கு முடிச்சுக்கலாம் சார். இல்லேன்னா வெள்ளிக்கிழமை சோபா கடை கட்டடத்துக்குச் சீல் விழும். உங்களுக்குத்தான் அசிங்கம்."

"அப்படியா?" என்று குறித்துக்கொண்டார். "மேலிடத்துல சொல்றேன்."

வெள்ளிக்கிழமை அமீனாவோடு போய் இறங்கினோம். சோபா ஒன்றுகூட இல்லை. வாசலில் அந்த நாட்டு முத்திரையோடு பெயிண்ட் காயாத பலகை: 'விசா பிரிவு'. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாலு பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அமீனா வாரண்டை மடித்துப் பையில் வைத்தார். "இது ஆபீஸுங்க. நான் உள்ள கால் வச்சா என் வேலை போயிடும்."

நீதிபதியும் அதையேதான் சொன்னார்: இப்போது அரசுப் பயன்பாட்டில் இருக்கிறது, மனு தள்ளுபடி.

"உங்களை யாருங்க போய்ப் பேசச் சொன்னது?" வராந்தாவில் வக்கீல் கத்தினார்.

"கடன்பட்டவன்கிட்ட பேசாம எப்படி சார் வசூல் பண்றது?"

"அப்பீல் போடலாம். ஆறு வருஷம் ஆகும்."

தம்பி கடையின் பின்கட்டில் சக்கர நாற்காலியில் இருந்து டைல்ஸ் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எவ்வளவுக்குப் பேசின?"

"முப்பதுக்கு."

"ஒரு காலுக்கு நாலு லட்சம் குறைச்சிட்டியேண்ணா! வாடிக்கைக்காரனுக்குக்கூட இவ்வளவு தள்ள மாட்டியே." சிரித்தான். பிறகு பெட்டியை விட்ட இடத்திலிருந்து எண்ண முயன்றான். எண்ணிக்கை தப்பிவிட்டது.

நான் நோட்டை எடுத்து எழுதினேன். கோர்ட்டுக் கட்டணம் எழுபதாயிரம். வக்கீலுக்கு இரண்டு லட்சத்து முப்பதாயிரம். அமீனா படியும் வண்டி வாடகையும் நாலாயிரம். ஆகச் செலவு மூன்று லட்சத்து நாலாயிரம். வரவு இல்லை. வரவேண்டிய பாக்கி முப்பத்தெட்டு லட்சம், வட்டி தனி.