ஒரே ஜாடி

தொப்புளுக்குப் பக்கத்தில் மரத்துப்போன இடத்தில் ஊசி இறங்கியபோது லிகியாவுக்கு வலிக்கவில்லை. உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. டாக்டர் மரிபெல் குழாயை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே மஞ்சளாக ஒரு விரற்கடை கொழுப்பு. கோழிச் சாறு ஆறியதும் மேலே படிவதைத் தினமும் கரண்டியால் வழித்துப் போடுகிறாளே, அதே நிறம். அறுபத்தேழு வருஷமாக மெரிதா நகரத்து வெயிலில் சுமந்து திரிந்தது இதைத்தானா என்று லிகியாவுக்குச் சப்பென்று இருந்தது.

"தோன்யா லிகியா, பொடிப் பொட்டலம் ஒருநாள்கூட விடலையே?"

"விடலை டாக்டரம்மா."

அது பொய் இல்லை. உண்மையும் இல்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் இதே அறையில்தான் டாக்டர் அவளுக்கும் அவள் தோழி நெல்மிக்கும் சேர்த்து விளக்கினாள். வயசான உடம்பில், அதுவும் பருத்த உடம்பில், கொழுப்புக்குத் தன் வேலை மறந்துபோகிறது. சேர்த்துவைக்க வேண்டியதை ஒழுகவிடுகிறது. உள்ளேயே புண்ணாகி ரத்தத்தைக் கெடுக்கிறது. அமினோ அமிலம் என்று ஒன்று, இறைச்சியிலும் அவரையிலும் இருப்பதுதான். அதைப் பொடியாகக் கொடுத்தால் அந்தக் கொழுப்பு தேறுமா என்று பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு நிஜப் பொடி, பாதிப் பேருக்கு வெறும் மாவு. இரண்டும் ஒரே நிறம், ஒரே தித்திப்பு. யாருக்கு எது என்பது டாக்டருக்கே தெரியாது.

திரும்பும் பஸ்ஸில் நெல்மி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நாப்பது வருஷமா பன்னிக் கொழுப்புல பனுச்சோ ரொட்டி பொரிக்கிறோம். இப்ப நம்ம கொழுப்புக்கு உடம்பு சரியில்லையாம்!"

"உன் கொழுப்பு உடம்புலயா இருக்கு? வாயில இருக்கு" என்றாள் லிகியா.

"அது கிடக்கட்டும் கொமாத்ரே. அவ்ளோ படிச்சவ, என்ன குடுக்கிறான்னு அவளுக்கே தெரியாதாமே. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்திக்கு நிஜம் வந்து, இன்னொருத்திக்கு மாவு வந்தா?"

லிகியாவின் மூத்த மகனின் ஞானஸ்நானத்தின்போது அவனைக் கையில் ஏந்தி நின்றவள் நெல்மி. அன்றிலிருந்து கொமாத்ரே, ஞானஸ்நான உறவு. சந்தையில் ஒரே அடுப்பு, ஒரே கல், பிற்பகலில் அடுத்தடுத்த ஊஞ்சல் வலை. ஒருத்திக்கு மட்டும் மருந்து என்பது இரண்டு பேருக்கும் புத்தியில் ஏறவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் நெல்மி காப்பித்தூள் ஜாடியைக் கழுவிக் காயவைத்தாள். இருவர் பொட்டலங்களையும் பிரித்து அதில் கொட்டிக் கரண்டியால் கிளறினார்கள். ஆளுக்குக் காலையில் இரண்டு கரண்டி. காலிப் பொட்டலங்களைத் தனித்தனிப் பையில் போட்டுப் பத்திரமாக டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். இதில் தப்பு செய்கிறோம் என்ற நினைப்பே இல்லை. பாதி மருந்தாவது இருவருக்கும் போகுமே.

மூன்றாம் மாதம் லிகியா பஸ் படியைக் கம்பி பிடிக்காமல் ஏறினாள். அதே மாதம் நெல்மியின் வலது கால் பெருவிரலில் சின்னப் புண். சர்க்கரை உடம்பு, ஆறவில்லை. ஐந்தாம் மாதம் விரலை எடுத்துவிட்டார்கள்.

இப்போது டாக்டர் தாள்களைப் புரட்டிச் சிரித்தாள். "உங்க ரத்தம் எவ்வளவு தேறியிருக்கு தெரியுமா? நான் சொல்லக்கூடாது. ஆனா உங்களுக்கு வந்தது நிஜப் பொடியாத்தான் இருக்கணும்."

லிகியாவுக்கு வயிற்றில் மரத்த இடம் திடீரென்று வலித்த மாதிரி இருந்தது. தன் பொட்டலம் நிஜம் என்றால் சரி, தன் பங்கில் பாதியைக் கொடுத்தாள், அவ்வளவுதான். நெல்மியுடையது நிஜமாக இருந்தால்? தினமும் ஒரு கரண்டியாக லிகியா அவள் விரலையே தின்றிருக்கிறாள். இதில் எது?

"டாக்டரம்மா, நாங்க ரெண்டையும் கலந்துட்டோம்."

"எதை?"

"பொடியை. ஒரே ஜாடியில. மொத நாள்லேர்ந்து."

டாக்டர் குழாயில் சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். பாதி ஒட்டிய சீட்டோடு கை அப்படியே நின்றது. அவள் முகத்தில் கோபம் வரும் என்று லிகியா காத்திருந்தாள். வரவில்லை. வழி தெரியாத ஊரில் இறங்கிய ஆள் மாதிரி முழித்தாள்.

"ஏன்?"

"ஒருத்திக்கு மட்டும் எப்படி டாக்டரம்மா?"

"உங்க ரெண்டு பேரையும் ஆய்வுலேர்ந்து எடுத்துருவாங்க. இந்தக் கொழுப்பை வெச்சு இனி ஒண்ணும் சொல்ல முடியாது."

"எங்கள்ல யாருக்கு நிஜம்? அதையாவது சொல்லுங்க."

"எல்லாருக்கும் முடிஞ்சப்புறம்தான் அந்தப் பட்டியலைப் பிரிப்பாங்க. இன்னும் ஒன்றரை வருஷம் ஆகும்." டாக்டர் தயங்கினாள். "விரல் போனதுக்கும் பொடிக்கும் சம்பந்தம் இருக்கணும்னு இல்ல. இல்லைன்னும் என்னால சொல்ல முடியாது."

வெளியே சக்கர நாற்காலியில் நெல்மி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் மூஞ்சியே சொல்லுது. ஜாடி விஷயத்தைச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அறிவுகெட்டவளே! ஆய்வுல இருக்கோம்னுதான் காசில்லாம பாத்தாங்க. இனி என் காலை எவ பாப்பா?" என்றவள் ஒரு சுளையை நீட்டினாள். "எது யாரோடதாம்?"

"தெரியாதாம்."

"இன்னுமா தெரியாது!"

அன்று திங்கட்கிழமை. ஊர் முழுக்க எல்லா வீட்டிலும் அவரையும் பன்றிக்கறியும்தான் கொதிக்கும். லிகியா வீட்டிலும் கொதித்தது. நெல்மி கட்டுப் போட்ட காலை முக்காலியில் வைத்து முள்ளங்கி நறுக்கினாள். ஜாடியின் அடியில் கொஞ்சம் பொடி மிச்சம் இருந்தது. லிகியா அதை ஒரு கரண்டி எடுத்து ஜன்னல் திண்டில் கொட்டினாள்.

"என்னடி பண்றே?"

"எறும்புக்குத் தெரியுதான்னு பாக்கிறேன்."

"டாக்டருக்கே தெரியலையாம், எறும்பைக் கேக்குறா" என்றாள் நெல்மி. ஆனால் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

எறும்புகள் வந்தன. சுவரிலிருந்து ஒரு வரிசை, கூரையிலிருந்து ஒரு வரிசை. குவியலைச் சுற்றின, ஏறின, இறங்கின, ஒவ்வொரு துகளாக எடுத்துப் போயின. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் அவரை அடிபிடிக்கும் வாசனை வந்து லிகியா ஓடினாள். கிளறிவிட்டு வந்தபோது எறும்பு ஒன்றுகூட இல்லை. குவியலில் பாதி அப்படியே கிடந்தது.

"போயிடுச்சு" என்றாள் நெல்மி. "எடுத்துட்டுப் போனது மருந்தா, விட்டுட்டுப் போனது மருந்தா?"

லிகியா விரலை நாக்கில் நனைத்து மிச்சத்தில் தொட்டு வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

"என்ன?"

"தித்திக்குது."

நெல்மி கத்தியைக் கீழே வைத்தாள். ஜன்னல் திண்டுக்கு அவள் கை எட்டவில்லை. லிகியா இன்னொரு முறை விரலை அந்தப் பொடியில் அழுத்தி எடுத்து, அவள் வாயருகே நீட்டினாள்.