சேங்கொட்டை முத்திரை

அறுபத்தாறாம் வருஷம் கார்த்திகையில், கெடில ஆற்று வெள்ளம் வடிந்த ஐந்தாம் நாள், முதுநகர் நிவாரண சங்கத்து வாசலில் சேக் பரீது சேலைகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். வண்ணார்கள் துணிக்குக் குறி போடும் சேங்கொட்டைச் சாற்றில் மரக்கட்டையைத் தோய்த்து முந்தானையில் அழுத்தினால், ‘தர்மம்’ என்று கறுப்பாக விழும். எத்தனை வெளுத்தாலும் போகாது. போன வருஷம் கொடுத்த வேட்டிகளைச் சிலர் பண்ருட்டிச் சந்தையில் விற்றுவிட்டதால் வந்த ஏற்பாடு இது. சாறு பட்டுப் பரீதின் விரல்கள் கொப்பளித்திருந்தன.

அமிர்தத்தின் முறை வந்தது. வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை உடைக்கிறவள். அவள் வீடு இருந்த இடத்தில் இப்போது சேறுதான்.

“பாய், எனக்குக் குத்தாதீங்க” என்றாள் மெதுவாக. “வெள்ளிக்கிழம பண்ருட்டிலேருந்து பொண்ணு பாக்க வராங்க. ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப்போச்சு. எம்பொண்ணு எதக் கட்டிக்கிட்டு நிக்கும்?”

“யாருகிட்டயாவது எரவல் கேக்கலாமில்ல?”

“தெருவே இங்கதான நிக்குது.”

பின்னால் நின்ற கொளஞ்சியம்மாள் சிரித்தாள். “எங்கிட்ட ஒரு பட்டு இருந்துச்சு பாய். இப்ப அத மீனு கட்டிக்கிட்டுத் திரியுது.”

வீட்டில் மனைவி சைனம்புவின் பெட்டியில் இரண்டு பட்டு மடிப்புக் கலையாமல் இருப்பது பரீதுக்கு நினைவு வந்தது. சொல்ல வாயெடுத்தார். மனைவியின் முகமும் கூடவே நினைவு வந்தது. சேலையைப் புரட்டி, இடுப்பில் செருகும் உள் தலைப்பில் முத்திரையைக் குத்தினார். “இது வெளிய தெரியாதும்மா. போ.”

காரியதரிசி அபுல் ஹசன் எழுந்து வந்தார். “முந்தானையக் காட்டு மச்சான்.”

“பொண்ணு பாக்க வராங்களாம்...”

“எல்லாருக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கும். இவுங்களுக்கு விட்டா அடுத்தவுங்களுக்கு என்ன சொல்லுவ? பணம் அனுப்புற பினாங்குக்காரங்களுக்கு நாந்தான ஜவாப் சொல்லணும்.” கோபம் ஏதுமில்லாமல் கட்டையை வாங்கி முந்தானையில் அழுத்தினார். போய் உட்கார்ந்துகொண்டார்.

அமிர்தம் சேலையை வேண்டாமென்று வைத்துவிட்டுப் போகவில்லை. வெள்ளத்துக்கு ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்து மூலையில் மகள் ஈரக் கிழிசலோடு உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு கார்டு எழுதித் தரீங்களா பாய்? வெள்ளிக்கிழம வரவேணாம்னு.”

“வெள்ளத்துல எல்லாம் போச்சுன்னு எழுதட்டுமா?”

“ஐயோ, எரக்கப்பட்டுப் பாக்க வந்துடுவாங்க. பொண்ணுக்கு அம்ம போட்டிருக்குன்னு எழுதுங்க.”

“அம்மன்னா சம்மந்தமே போயிடுமேம்மா.”

“தர்மச் சேலையில பாத்தாலும் போவத்தான் போவுது. இதுன்னா மாரியாத்தா செஞ்சதுன்னு நெனச்சுக்குவாங்க.”

பரீது கார்டை எடுத்து விலாசம் கேட்டார்.