குற்றாலிங்கத்தின் கால்கள்

நான் சொல்வதெல்லாம் சரியான ஞாபகம்தானா என்று எனக்கே உறுதியில்லை. சென்னைக்குப் போனது ஐம்பத்தொன்பதிலா அறுபதிலா என்பதுகூடக் குழப்பம். அந்த நெட்டையன் நின்ற விதம் மட்டும் மறக்கவில்லை.

தென்காசியில் எனக்கு வக்கீல் தொழில். ஹைகோர்ட் வேலையாகப் போன இடத்தில், காசுக்கு ஆடும் வெள்ளைக்கார டென்னிஸ்காரர்கள் இருவர் காட்சிப் பந்தயம் ஆடுவதாகக் கேள்விப்பட்டு டிக்கெட் வாங்கினேன். முதல் செட்டை இருவரில் நெட்டையாக இருந்தவன் ஊதித் தள்ளினான். இரண்டாவதில், எட்டி எடுக்கக்கூடிய பந்துகளுக்கு அவன் மட்டை பிடித்த கை முழு நீளத்துக்கும் நீண்டது. கால்கள் மட்டும் ஓர் எட்டு குறைவாகவே நின்றுவிட்டன. அந்த செட் கைநழுவியது, கூட்டம் அவனுக்காக உச்சுக் கொட்டியது. மூன்றாவதில் அதே கால்கள் எல்லாப் பந்துக்கும் போய்ச் சேர்ந்தன. ஆட்டம் சட்டென்று முடிந்தால் டிக்கெட் வாங்கினவர்களுக்குத் திருப்தி இராது என்று வேண்டுமென்றே விட்டிருக்கிறான் என்பது புரிந்தது.

ரயிலில் தூக்கம் வரவில்லை. அப்படி நிற்கும் கால்களை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

என் மனைவி சண்முகசுந்தரியின் தம்பி குற்றாலிங்கம். கல்யாணமானதிலிருந்து ஞாயிறுதோறும், குற்றாலத்தில் ஒரு பங்களாவின் மண் கோர்ட்டில் நாங்கள் ஆடுவோம். நான்தான் ஜெயிப்பேன். தொழிலில் நான் சுமார். எனக்கு நன்றாக வந்த ஒரே காரியம் அந்த ஆட்டம் என்று நினைத்திருந்தேன்.

திரும்பி வந்த ஞாயிறு அவன் கால்களையே பார்த்தேன். முக்கியமான பந்துகளுக்கெல்லாம் நின்றன. வேண்டுமென்றே ஒரு சொத்தைப் பந்தைத் தூக்கிப் போட்டேன். அதை வலையில் அடித்துவிட்டு, "போச்சே!" என்று தலையில் தட்டிக்கொண்டான்.

வீட்டில் சண்முகசுந்தரியிடம் கேட்டேன். "ஒன் தம்பி என்கிட்ட வேணும்னே தோக்கானா?"

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "ஜெயிச்சா சந்தோசமா வாரிய. அப்புறம் என்னத்துக்கு இந்த ஆராய்ச்சி?"

அது பதிலா, ஒப்புதலா? வாரம் முழுக்க அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு அவனிடமே கேட்டுவிட்டேன்.

குற்றாலிங்கம் மட்டையின் நரம்பை நோண்டிக்கொண்டு நின்றான். பிறகு, "நெசமா ஆடினா கோவிச்சுக்கிட மாட்டியளே அத்தான்?" என்றான்.

"மாட்டேன்."

"அக்காட்ட மொகத்தத் தூக்கிட்டு இருக்க மாட்டியளே?"

"ஆடுலே!"

ஆடினான். இத்தனை வருடம் எதிரில் நின்றவனை அன்றுதான் முதலில் பார்த்தேன். எனக்கு ஒரு கேம்கூடக் கிடைக்கவில்லை. மூச்சிரைத்தது, சட்டையெல்லாம் செம்மண். ஒரு தடவை, ஒரே தடவை, என் பந்து அவனைத் தாண்டிப் போனது. "அடி சக்கை!" என்று அவனே கத்தினான். அதுபோல ஒரு மாலை எனக்கு வாய்த்ததில்லை. அந்த நிறைவிலேயே வீட்டுக்கு வந்தேன். பேசத் தோன்றவில்லை. பேசாமலே சாப்பிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலையில் மாமனார் வல்லிநாயகம் பிள்ளை அல்வாவும் ஒரு தார் பழமுமாக வந்து நின்றார். பின்னால் குற்றாலிங்கம், தலையைத் தொங்கப் போட்டபடி.

"சின்னப் பய, கிறுக்குத்தனமா ஆடிட்டான். மனசுல வச்சுக்கிடாதிய மாப்ள. ஏலே, அத்தான்ட்ட சொல்லு."

"தப்புதான் அத்தான்."

"எனக்குச் சந்தோசம்தான் மாமா" என்றேன். மாப்பிள்ளை பெருந்தன்மையாகப் பேசுகிறார் என்றே அவர் எடுத்துக்கொண்டார். நான் சண்முகசுந்தரியைப் பார்த்தேன்.

"நான் ஒண்ணும் சொல்லல. ஒரு வார்த்த பேசாம படுத்துட்டியன்னுதான் சொல்லிவிட்டேன்."

அடுத்த ஞாயிறு குற்றாலிங்கம் வந்தான். முதல் பந்திலேயே கால்கள் நின்றன. "நெசமா ஆடுலே" என்றேன். "நெசமாத்தான் அத்தான் ஆடுதேன்" என்றான். நான் மட்டையை உறையில் போட்டேன்.

மாமனார் அறுபத்து நான்கில் காலமானார். குற்றாலிங்கம் புளியறையில் லாரி வைத்து ஓட்டி நன்றாக இருக்கிறான், டென்னிஸ் ஆடுவதில்லை. சண்முகசுந்தரிக்குச் சர்க்கரை வியாதி, மற்றபடி சுகம். நான் இப்போதும் தென்காசியில்தான் வக்கீலாக இருக்கிறேன்.