வரிச்சட்ட அலமாரியில் ஓர் ஒட்டகம்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. அக்கா போனில் அழுதாள். நான் பேனாவைத் தேடினேன். இந்த வீட்டில் யார் அழுதாலும் இவன் பேனாவைத்தான் தேடுவான் என்று அம்மா சொல்வாள். அதில் பொய்யில்லை. (அக்கா நகர நூலகத்தில் நூலகர். லேசில் அழுகிறவள் இல்லை.)

முதல் தொடக்கம்: "அது ஒரு மழைக்கால மாலை. நூலகத்தின் ஜன்னல்களில்"

வேண்டாம். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது.

இரண்டாம் தொடக்கம்: "நகரம் ஒரு பாலத்தில் முடிகிறது." இது பரவாயில்லை, உண்மையும்கூட. பாலத்துக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நூலக அட்டை உண்டு. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வரலாம், உட்காரலாம், படிக்கலாம். எடுத்துப் போகத்தான் கூடாது. வாசலில் 'அனைவரும் வருக' என்று பலகை இருக்கிறது. வருவதைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள், கவனியுங்கள்.

2

அக்காவை அழவைத்த பெண்ணுக்குப் பத்து வயது இருக்கும். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். நூலகத்தில் பேசக் கூடாது என்பதால் இங்கே யாருக்கும் அது தெரியாது.

வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். பள்ளி விட்டதும் நூலகம், அப்புறம் கடைசி பஸ். நடுவில் கிடைக்கிற நேரத்தில் அவள் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தடவை படிப்பாள். மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். (முதல் வரைவில் நான் அப்படித்தான் எழுதினேன். அக்கா கிழித்துத் தொங்கவிட்டாள்.) தங்கச்சி காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடக்கிறாள். அன்றன்று படித்ததை ஒரு வரி விடாமல் அவளுக்குச் சொல்லியாக வேண்டும்.

புத்தகத்தில் ஓர் ஒட்டகம் கப்பலில் போகிறது. கப்பலில் ஓட்டை விழுகிறது. எடையைக் குறைக்க வேண்டும் என்கிறார் கேப்டன். எல்லாரும் ஒட்டகத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

அந்த இடத்தில் பஸ் வந்துவிட்டது.

3

அந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம். பாதியில் நிற்கும் புத்தகத்தை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று, வரிச்சட்ட அலமாரியில் முதுகு உள்பக்கமாக ஒளித்துவைப்பார்கள். அந்த அலமாரிப் பக்கம் ஈ காக்கை போகாது.* அக்காவுக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருந்தாள். தூசு தட்டும்போதுகூட அந்த அலமாரியை விட்டுவிடுவாள்.

* ஒரே ஒரு தடவை ஒரு வக்கீல் நிஜமாகவே சொத்துவரிப் புத்தகம் கேட்டு வந்தாராம். "வெளிய போயிருக்கு சார்" என்று அனுப்பிவிட்டாளாம்.

பிறகு மேலதிகாரி சோதனைக்கு வருகிறார் என்று போன் வந்தது. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதற்றத்தில் எல்லா அலமாரிகளையும் ஒழுங்குபடுத்தினாள். எல்லா அலமாரிகளையும். ஒட்டகம் சிறுவர் பகுதிக்குப் போனது. அன்றைக்கே அட்டை உள்ள யாரோ எடுத்துப் போனார்கள். அதிகாரி வந்தார், மின்விசிறி ஓடுகிறதா என்று பார்த்தார், போனார்.

4

வாயாடி அலமாரிக்குள் கையை விட்டாள். வரி மட்டும்தான் இருந்தது.

"மேடம், அந்த ஒட்டகப் புத்தகம்..."

"வெளிய போயிருக்கும்மா."

"யார் எடுத்தாங்க?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது."

"சரி, ஒட்டகத்தத் தள்ளிடுவாங்களா? அத மட்டும் சொல்லுங்க."

அக்கா அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. போனில் இந்த இடத்துக்கு வந்தபோதுதான் அழுதாள்.

வீட்டில் சின்னவள் காத்திருந்தாள். (இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். நான் பாலத்தைத் தாண்டியதே இல்லை.)

"ஒட்டகம் என்னாச்சு?"

"இன்னிக்கு லைப்ரரி லீவு."

மறுநாளும் லீவு. அதற்கு மறுநாளும்.

"பொய் சொல்ற. ஒட்டகம் செத்துப்போச்சு. அதான் சொல்ல மாட்டேங்கற," என்று சின்னவள் ஓவென்று அழுதாள். வாயாடிக்குப் பேச்சே வரவில்லை. அந்த வீட்டில் அது பெரிய செய்தி.

புத்தகம் கெடு தாண்டியும் திரும்பவில்லை.

5

முடிவு ஒன்று: அக்கா விதியை மீறி வாயாடிக்கு ஓர் அட்டை போட்டுக் கொடுக்கிறாள். படித்துக் காட்டினேன்.

"என் வேலைக்கு உலை வைக்கிறியாடா? அட்டை குடுத்தாலும் புத்தகம் எங்க இருக்கு?"

அந்த முடிவை அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: வாயாடி தானே ஒரு முடிவைக் கட்டித் தங்கைக்குச் சொல்கிறாள், பிற்காலத்தில் பெரிய எழுத்தாளராகி

எனக்கே குமட்டுகிறது. அவளுக்கு வேண்டியது எழுத்தாளர் ஆவதல்ல. ஒட்டகம்.

எனக்குக் கோபமாக இருக்கிறது. பாலத்தின் மேல் கோபப்பட்டு என்ன செய்ய?

6

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. அது உங்கள் வீட்டில் இருக்கிறது.

ஆமாம், உங்களைத்தான். உங்களிடம் அட்டை இருக்கிறது. டிவிக்குப் பக்கத்திலோ, துவைத்த துணிக்கு அடியிலோ பாருங்கள். புத்தகத்தின் மேலட்டையில் ஒட்டகப் படம் போட்டிருக்கும். உங்கள் பிள்ளை நாலு பக்கம் புரட்டிவிட்டு மறந்திருப்பான். நான் குறை சொல்லவில்லை.

கவுண்ட்டரில் கொடுக்காதீர்கள், அடுத்த அட்டைக்காரர் எடுத்துப் போய்விடுவார். நேராக வரிச்சட்ட அலமாரிக்குப் போங்கள். முதுகு உள்பக்கமாக இருக்கட்டும். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள், நான் பேசிவிட்டேன்.

ஒன்றே ஒன்று. உள்ளே ஒரு துண்டுக் கட்டுத்துணி இருக்கும், மாவுக்கட்டிலிருந்து பிய்த்தது. குப்பை என்று எடுத்துப் போட்டுவிடாதீர்கள். கப்பல் அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறது.