இரும்புப் பங்களாவின் சாவி

“அசையும் சாமான்கள் நீங்கலாகன்னு உன் கையாலதானே எழுதின? இப்ப சொல்லுடா, பீரங்கிக் குண்டு அசையுமா, அசையாதா?”

“சுட்டா அசையும்க்கா.”

“வாயை மூடு!”

அதைத் தொடர்ந்து ஏதோ ஒரு பாத்திரம் மாடிப்படியில் உருண்டு போகிற சத்தம் கேட்டது. நான் ஒட்டுக்கேட்கிற ரகம் இல்லை. கொடியில் காய்ந்த துணியை எடுக்கத்தான் பின்பக்க மாடிக்குப் போயிருந்தேன். எடுக்க வேண்டியது இரண்டே இரண்டு தலையணை உறை. எடுத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று, அவ்வளவுதான்.

கத்தியவர் பக்கத்து வீட்டுக்காரம்மா. எங்கள் தெருவில் மூன்று வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவர். கணவர் போய்ச் சேர்ந்து பதினோரு வருடமாக, வந்த வாடகைக்காரர்களையும் போன வாடகைக்காரர்களையும் ஒற்றை ஆளாகச் சமாளித்தவர். திட்டு வாங்கியவர் அவருடைய தம்பி. பதிவு அலுவலகத்தில் பதினாறு வருடம் வீட்டுப் பத்திரம் எழுதியதால் தெருவில் அவருக்குப் பெயரே பத்திரம்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

நம் நாட்டுக்குக் கப்பற்படை என்று ஒன்று பிறந்து அப்போது ஒன்றரை வருடம். படை என்றால் இரண்டு சுங்கப் படகு, ஒரு தூர்வாரும் கப்பல், நாற்பது ஜோடிச் சீருடை. சீருடைதான் முதலில் தைத்தார்கள். கப்பல் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. தூர்வாரும் கப்பலை ஓட்டிக்கொண்டிருந்தவரே படைத்தலைவர். கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காகப் பத்திரத்தைக் கொள்முதல் எழுத்தராக எடுத்துக்கொண்டார்கள்.

வளைகுடாவுக்கு அந்தப் பக்கத்துக்காரர்களிடம் மூன்று பீரங்கிப் படகுகள் இருந்தன. நம் மீன்பிடிப் படகுகளை நடுக்கடலில் மறித்து, பிடித்த மீனில் பாதியை அள்ளிக்கொண்டு, போகிற போக்கில் வலையையும் அறுத்துவிடுவார்கள். கேட்க ஆள் இல்லை. அந்த நேரத்தில்தான், எங்கோ தூரத்துப் பெரிய நாடு ஒன்று தன் பழைய போர்க்கப்பலை உடைக்கப்போவதாகச் சேதி வந்தது. முப்பத்தொரு வயது, இரண்டு புகைபோக்கி, கரியில் ஓடுவது, நான்கு ராட்சசப் பீரங்கிகள். உடைக்க வேண்டாம், எங்களுக்குக் கொடுங்கள் என்று நம் அரசாங்கம் கேட்டது. எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

வாங்கலாம், சரி. கப்பல் வாங்கப் பத்திரம் எப்படி எழுதுவது? யாருக்கும் தெரியாது. நம் ஆள் யோசிக்கவே இல்லை. தன் பழைய வீட்டு விற்பனைப் படிவத்தை எடுத்தார். ‘வீடு’ என்று இருந்த இடத்தில் எல்லாம் அடித்துவிட்டுக் ‘கப்பல்’ என்று எழுதினார். நான்கு எல்லை எழுத வேண்டுமே? கிழக்கே தண்ணீர், மேற்கே தண்ணீர், வடக்கே தண்ணீர், தெற்கே தண்ணீர். கதவு, ஜன்னல், தாழ்ப்பாள், மாடிப்படி, கிணறு சகிதமாக, அசையும் சாமான்கள் நீங்கலாக. மந்திரி கையெழுத்துப் போட்டார். அந்த நாட்டு மந்திரியும் போட்டார். கிணறு எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் கப்பல் வந்து துறைமுகத்தில் நின்றது. எங்கள் தெருவே போய்ப் பார்த்தது. நானும் போனேன். அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. யாரோ “இரும்புப் பங்களா” என்றார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அதன் பின்னாலேயே காலிச் சரக்குக் கப்பல் ஒன்றும் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. வந்த தளபதி, நரைத்த மீசைக்காரர், தங்கள் பாஷையில் இருந்த பத்திர நகலை நீட்டிச் சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமை நண்பகலில் கப்பல் உங்களுடையது. அதற்குள் அசையும் சாமான்களை நாங்கள் எடுத்துக்கொள்வோம். கட்டில், கடிகாரம், கரண்டி. அப்புறம் குண்டுகள்.

அந்த அளவுக் குண்டு அந்த நாட்டில் மட்டும்தான் செய்கிறார்கள். எழுதிப்போட்டு வரவழைக்க நான்கு மாதம். படைத்தலைவரோ, வெள்ளிக்கிழமை மாலை திறந்த கடலில் ஒரு குண்டு சுட்டுக் காட்டுவதாக அந்தப் பக்கத்துக்காரர்களுக்கே அழைப்பு அனுப்பியிருந்தார். பத்திரத்தைக் கூப்பிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்:

“வெள்ளிக்கிழமை அந்தப் பீரங்கியிலேருந்து ஏதாவது ஒண்ணு வெளிய வந்தாகணும். குண்டு இல்லேன்னா, உள்ள போறது நீங்க. அதுக்கு முன்னாடி சீருடையைக் கழட்டி மேசை மேல வெச்சிடுங்க.”

இதைத்தான் மனிதர் வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொல்லி, நான் தலையணை உறை எடுத்துக்கொண்டிருந்தபோது வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். பாத்திரம் உருண்டு முடிந்தது. நான் கைப்பிடிச் சுவரில் இன்னும் சற்றுச் சாய்ந்துகொண்டேன்.

“அந்தப் படிவத்தைக் கொடு. முழுசா படி.”

“எல்லாம் உனக்குத் தெரிஞ்சதுதானேக்கா.”

“எட்டாவது பாரா என்ன?”

“வெளியே போகும் ஒவ்வொரு சாமானும் தலைவாசல் வழியாக மட்டுமே, வாங்குபவர் தரப்பு ஆள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே போக வேண்டும். அது நீ சொல்லி எழுதினது. அந்த ரெண்டாவது வீட்டுல குடியிருந்தவன் கதவுக் கைப்பிடியெல்லாம் கழட்டிட்டுப் போனானே, அப்போ.”

“ஒன்பது?”

“ஒப்படைக்கும் நாளில் நண்பகல் பன்னிரண்டு மணிக்குமேல் உள்ளே இருக்கும் எதுவும் வாங்குபவரையே சாரும். அதுவும் நீ சொன்னதுதான். பீரோவை விட்டுட்டுப் போய் ஒரு வருஷம் கழிச்சு வந்து கேட்டாளே...”

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

“அக்கா, நீ என்ன நினைக்கிற?”

“காலி பண்றவங்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். எல்லாரும் கண்ணாடி, கடிகாரம்னு சின்னச் சாமானைத்தான் முதல்ல தூக்குவாங்க. பெரிசைக் கடைசிக்கு விடுவாங்க. கடைசியில நேரம் இருக்காது. காலையில என் முக்காலியை எடுத்துக்கிட்டு வா. ஆமா, அங்க கொடியில இன்னும் என்ன துணி காயுது?”

கடைசிக் கேள்வி எனக்கு. நான் உள்ளே போய்விட்டேன்.

புதன்கிழமை எட்டு மணிக்கெல்லாம், கரையிலிருந்து கப்பலுக்குப் போட்டிருந்த நடைப்பலகையின் கப்பல் பக்கத்து முனையில் முக்காலி, முக்காலி மேல் வீட்டுக்காரம்மா, மடியில் நோட்டுப் புத்தகம், அதற்குள் நம் பக்கத்துப் பத்திர நகல், பக்கத்தில் மொழிபெயர்க்கத் தம்பி. நான் தேநீர் கொடுக்கத்தான் போனேன். கொடுத்துவிட்டு உடனே திரும்பினால் மரியாதையாக இருக்காது என்று மூன்று நாளும் இருந்தேன்.

மாலுமிகள் கப்பலின் மறுபக்கத்தில் பாரந்தூக்கியைத் திருப்பி, சரக்குக் கப்பலில் நேராகவே இறக்கப் பார்த்தார்கள்.

“அது பின்வாசல்” என்றார் வீட்டுக்காரம்மா.

தளபதி வந்தார். தம்பி வியர்த்துக்கொண்டே பேச்சைத் திருப்பிச் சொன்னார்: “இது போர்க்கப்பல், வீடு இல்லேங்கறார்க்கா.”

“பத்திரத்துல தலைவாசல்னு இருக்கா? கீழே இருக்கறது அவங்க மந்திரி கையெழுத்தா? அதை மட்டும் கேளு.”

தளபதி எட்டாவது பாராவை இரண்டு தரம் படித்தார். மீசையைத் தடவினார். அவர் சொன்னதைத் தம்பி சொன்னார்: “கையெழுத்துன்னா கையெழுத்துதானாம். தலைவாசல் வழியாவே போகச் சொல்றேங்கறார்.”

நல்ல மனிதர். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அந்தக் குணம் கிடையாது.

அப்புறம் நடந்ததை என்ன சொல்ல! அதிகாரிகள் ஆளுக்கு ஆள் தன் சாமான்தான் முதலில் போக வேண்டும் என்று முண்டியடித்தார்கள். கம்பளம் வந்தது, விரித்துக் காட்டச் சொன்னார். கரண்டிப் பெட்டி வந்தது. ஒவ்வொரு கரண்டியாக எடுத்துப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் வந்தது.

“இது மாட்டினதா, அடிச்சதா?”

“மாட்டினதுதானாம்க்கா.”

“ஆணி எங்கே? ஆணி நம்முது. திரும்ப அடிச்சிட்டு வரச் சொல்லு.”

ஒரு பியானோவுக்கு மட்டும் வியாழக்கிழமை காலை முழுவதும் போயிற்று. ஒவ்வொரு கட்டையாக அமுக்கிப் பார்த்து, எல்லாம் சத்தம் போடுகிறதா என்று சரிபார்த்தார். அவருக்குப் பியானோவைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் கொதிகலன் அறையிலிருந்து ஒரு பெரிய உருவம் ஏறி வந்தது. உடம்பெல்லாம் கரி, கண் மட்டும் வெள்ளை. ஒப்படைக்கும்வரை கொதிகலன் சூடு ஆறாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய மெக்கானிக். தன் பிரம்பு நாற்காலியைக் கொண்டுபோக அனுமதி கேட்டு வந்திருந்தார். வீட்டுக்காரம்மா எழுந்து போய்ப் பார்த்தார். கப்பல் ஆடும்போது நகராமலிருக்க மனிதர் நான்கு காலையும் திருகாணி போட்டுத் தரையோடு முடுக்கி வைத்திருந்தார்.

“அசையாது. அப்போ வீட்டோட சேர்ந்தது.”

“இருபது வருஷமா அவர் உட்கார்ந்த நாற்காலியாம்க்கா, பாவம்.”

“வேணும்னா அதுல உட்கார்ந்துக்கட்டும். எடுக்கக் கூடாது.”

அந்த மனிதர் வீட்டுக்காரம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கீழே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பார்வையை நான் அப்போதே குறித்துவைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில்தான் அவர்களுக்குக் குண்டுகளின் ஞாபகமே வந்தது. கீழே இருநூற்று நாற்பது குண்டுகள். ஒவ்வொன்றும் ஆறு ஆள் கனம். ஒரு நடைப்பலகை, ஒரு தள்ளுவண்டி. ஒவ்வொரு குண்டையும் வீட்டுக்காரம்மா சுற்றி வந்து பார்த்து, விரலால் தட்டி, விரிசல் இருக்கிறதா என்று குனிந்து நோக்கி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவில் மை தீர்ந்தது. தம்பி ஓடிப்போய் வாங்கி வந்தார். அந்த மனிதர் அவ்வளவு மெதுவாக ஓடி நான் பார்த்ததே இல்லை.

பதினொன்றரைக்கு ஒன்பது குண்டு இறங்கியிருந்தது. தளபதிக்கு அப்போதுதான் விஷயம் முழுசாகப் புரிந்தது என்று நினைக்கிறேன். கத்தினார். மாலுமிகள் ஓடினார்கள். பத்தாவது குண்டைப் பாதிப் பேர் இழுக்க, மீதிப் பேர் தள்ள, வண்டியின் முன்சக்கரம் நடைப்பலகையில் ஏறியது. பின்சக்கரம் கப்பல் தளத்திலேயே இருந்தது. அந்த நேரம் பார்த்துத் துறைமுகக் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது.

வீட்டுக்காரம்மா எழுந்தார். நோட்டை மூடினார். முக்காலியைத் தூக்கி வண்டிக்கு முன்னால் வைத்து அதன்மேல் உட்கார்ந்தார்.

“வாசப்படி தாண்டலை. உள்ள கொண்டு போங்க.”

தம்பி அதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை. மாலுமிகள் தளபதியைப் பார்த்தார்கள். தளபதி கடிகாரத்தைப் பார்த்தார், பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நின்ற குண்டைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தொப்பி கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார். வண்டி பின்னால் போயிற்று. மனிதர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு சல்யூட் அடித்து, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவர் கையில் கொடுத்தார்.

“என்ன சொல்றார்?”

தம்பி மொழிபெயர்த்தார். “முப்பது வருஷத்துல இந்தக் கப்பலை யாரும் ஜெயிச்சதில்லையாம். நீதான் முதலாம்.”

“சாவி எல்லாம் சரியா இருக்கான்னு எண்ணிப் பாரு” என்றார் அக்கா.

பீரங்கி மருந்துப் பைகள் ஒன்றுகூட இறங்கவில்லை. இருநூற்று முப்பத்தொரு குண்டும் அப்படியே இருந்தன. தளபதி போகும்போது, பீரங்கியை எப்படி நிரப்புவது என்று நம் ஆட்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டே போனார். மாலை ஐந்து மணிக்கு அந்தப் பத்தாவது குண்டையே ஏற்றிக் கடலில் சுட்டார்கள். கரையில் நின்ற எங்களுக்கு நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. தூரத்தில் பத்து மாடி உயரத்துக்குத் தண்ணீர் எழும்பி நின்று, யோசித்து, மெல்ல விழுந்தது. ஊரே கத்தியது. படைத்தலைவர் அழுதார். பத்திரம் தன் சீருடைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், எல்லாம் உடம்பில்தான் இருக்கின்றனவா என்று. எங்கள் வீட்டு முன்ஜன்னல் கண்ணாடி மூன்றும் போயிற்று. படைத்தலைவர் அலுவலகத்துக்கு எழுதிப்போட்டேன். ஜன்னல் அசையாச் சொத்து என்று பதில் வந்தது. கையெழுத்து மிக அழகாக இருந்தது.

மறுநாளிலிருந்து அந்தப் பக்கத்துப் படகுகள் நம் மீனவர்களைப் பார்த்தால் கையசைத்துவிட்டுப் போகின்றன. வலை அறுந்ததாக இதுவரை ஒரு புகாரும் இல்லை. அதற்கு அப்புறம் அந்தக் கப்பல் இன்னொரு குண்டு சுடவும் இல்லை. தேவை வரவில்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகாலுக்கு, எல்லா மாலுமிகளும் இறங்கிய பிறகு, கீழேயிருந்து கரி படிந்த அந்த மெக்கானிக் ஏறி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போய்விட்டாராம். அப்படித்தான் சொன்னார். தளபதி கரையிலிருந்து கூப்பிட்டார். இவர் நகரவில்லை. வீட்டுக்காரம்மாவிடமிருந்து நோட்டை வாங்கி, உள்ளே இருந்த பத்திர நகலில் ஒன்பதாவது பாராவை விரலால் தொட்டுக் காட்டினார். படிக்கத் தெரியாத பாஷை; ஆனால் எந்தப் பாரா என்று மூன்று நாளில் தெரிந்துவைத்திருந்தார்.

“என்ன சொல்றார்?” என்றார் வீட்டுக்காரம்மா. அவருக்குப் புரியாமல் இல்லை. முகம் சிவந்திருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“பன்னிரண்டு மணிக்கு அப்புறமும் உள்ளதான் இருந்தாராம்க்கா” என்றார் தம்பி.

எட்டு மாதம் கழித்துக் கல்யாணம் நடந்தது. மணமகனுக்கு அதற்குள் நம் பேச்சில் இருபது வார்த்தை வந்திருந்தது; அதில் பன்னிரண்டு வார்த்தை, வாடகைக்காரர்களைத் திட்டுவதற்கு. நம் கப்பற்படையின் தலைமைக் கொதிகலன் மெக்கானிக் இப்போது அவர்தான். பத்திரம் கொள்முதல் அதிகாரியாக உயர்ந்து, தலைமை அலுவலகத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார். கப்பல் வாங்குவதற்கென்றே புதுப் படிவம் ஒன்று தயாரித்திருக்கிறாராம். அதிலும் கிணறு இருக்கிறது என்று கேள்வி. அவர் இருந்த மாடி அறைக்கு ஒரு தையற்காரர் குடும்பம் வந்திருக்கிறது. சுவர் அந்தப் பக்கம் இன்னும் மெல்லிசு, நல்லதாகப் போயிற்று. பிரம்பு நாற்காலி வீட்டுக்காரம்மாவின் பின்பக்க மாடியில் இருக்கிறது. படைத்தலைவரின் எழுத்துமூல அனுமதியோடு கழற்றிக் கொண்டுவந்தார்கள். நேற்று துணி எடுக்கப் போனபோது பார்த்தேன், மனிதர் நான்கு காலையும் மறுபடி தரையோடு முடுக்கியிருக்கிறார்.