ஒரே உதை

பழைய பம்புசெட்டின் டீசல் இன்ஜினை மோட்டார் சைக்கிளில் தம்பி பொருத்தி முடித்ததிலிருந்து, பட்டறைக்கு வந்தவர்கள் எல்லாம் அவனையே சூழ்ந்து நின்றார்கள். பட்டறைக்குச் சொந்தக்காரனான அண்ணனை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவனுக்கு வயிறு எரிந்தது.

டீசல் இன்ஜினை உதைத்துக் கிளப்புவது லேசல்ல. உள்ளே அடைபடும் காற்றை வெளியேற்ற ஒரு சின்ன லிவர் உண்டு. அதை அழுத்தாமல் உதைத்தால் மிதி திரும்பி அடிக்கும். ஓட்டிக் காட்டும் நாளில், தம்பி டீசல் வாங்கப் போன நேரம் பார்த்து, அண்ணன் லிவரின் கம்பியைக் கழற்றிவிட்டான். நாலு பேர் முன்னால் அவன் மூக்குடைபட்டால் போதும் என்றுதான் நினைத்தான்.

லிவர் லொடலொடத்ததைத் தம்பி அவசரத்தில் கவனிக்கவில்லை. எம்பி உதைத்தான். திரும்பி அடித்த மிதியில் கணுக்கால் முறிந்து பாதம் தொங்கியது. அண்ணன்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். பார்த்தவர்கள் அவனை வாயாரப் புகழ்ந்தார்கள்.

மறுவாரம் கம்பியை மாட்டி, அதே வண்டியில் தம்பியைப் பார்க்கப் போனான்.

"ஓடுதாண்ணே?"

"ஒரே உதையில கிளம்பிடுச்சு. உனக்குத்தான் உதைக்கத் தெரியலடா."

"என் தப்புதாண்ணே. இனிமே நீயே வெச்சுக்கோ."

"சரி" என்று சொல்லிவிட்டு, தம்பிக்கு வாங்கி வந்த ஆப்பிளை நறுக்கித் தின்ன ஆரம்பித்தான் அண்ணன்.